பவளத் தொட்டிக்கு எத்தனை போத்தல் வேண்டும்?

கடந்த மாசி மாதம் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. நடத்தியவர் என் மனைவி. மீன்தொட்டிக்குக் கீழே இருந்த அலுமாரியைத் திறந்து, உள்ளே இருந்த போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் அடுக்கினார். மொத்தம் 11.

"இஞ்சேருங்கோ, மீன் மூண்டு, போத்தல் பதினொண்டு. இது மீன்தொட்டியோ, பார்மசியோ?"

அந்த நேரம் எனக்கு வேலைத்தளத்தில் மணித்தியாலங்களைக் குறைத்திருந்தார்கள். வீட்டுக் கடன் குறையவில்லை. ஆகவே கேள்வியில் நியாயம் இருந்தது. போத்தல்களின் விலையைக் கூட்டிப் பார்த்தால் 300 டொலருக்கு மேல் வந்தது. அதில் நான் உண்மையில் அளந்து, தேவை என்று தெரிந்து ஊற்றியது எதுவுமில்லை. லேபிளில் போட்டிருந்தது, ஊற்றினேன். அவ்வளவுதான்.

ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ் வீடுகளில் இன்று கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. முதலில் தங்கமீன், பிறகு நன்னீர்த் தொட்டி, அதன் பிறகு பிள்ளைகள் ஒரு படத்தில் கோமாளி மீனைப் பார்த்துவிட்டுக் கேட்க, உப்புத் தண்ணீர், பவளம் என்று போய்விடுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மகளுக்கு 13 வயது. வீடு மாறிப் போன ஒருவரிடம் 40 கலன் தொட்டியை, அதாவது சுமார் 150 லீற்றர், பழசாக மலிவுக்கு வாங்கினோம். தொட்டி மலிவு. அதற்குப் பிறகு வருவதுதான் செலவு. லண்டனிலோ ஒஸ்லோவிலோ இருந்து இதை வாசிப்பவர்களுக்கும் கதை இதேதான் என்று நினைக்கிறேன், காசின் பெயர் மட்டும் வேறு.

கடையில் அந்த அலுமாரியைப் பார்த்திருப்பீர்கள். கல்சியம், மக்னீசியம், அயடீன், ஸ்ட்ரோன்சியம், பொட்டாசியம், அமினோ அமிலம், 'பவள விட்டமின்', நிறம் கூட்டுவதற்கு ஒன்று, பிஎச் ஏற்றுவதற்கு ஒன்று. ஒவ்வொரு போத்தலிலும் ஒரு அழகான பவளத்தின் படம். எங்கள் ஆட்களுக்குப் போத்தல் என்றால் ஒரு நம்பிக்கை. ஊருக்குப் போகும்போது சூட்கேசில் பாதி விட்டமின் குளிசைதானே போகிறது! நிறையக் கொடுத்தால் நிறைய அக்கறை என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கைத்தான் நான் தொட்டியிலும் போட்டேன்.

விளைவு என்னவென்றால், மகள் தன் பிறந்தநாள் காசில் வாங்கிய கொம்புப் பவளம் ஒன்று நுனியிலிருந்து வெளுத்து, தசை உரிந்து, 9 நாளில் வெறும் வெள்ளை எலும்பாக நின்றது. நான் ஊற்றிய போத்தல்களில் இரண்டு, வேறு வேறு பெயரில், ஒரே வேலையைச் செய்பவை. இரண்டுமே தண்ணீரின் காரத்தன்மையை உயர்த்துபவை. கடைக்காரரிடம் போய்ச் சொன்னபோது அவர் இன்னொரு போத்தலைக் காட்டினார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. மேலே தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகுதான் நான் ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினேன்.

பவளம் என்பது எங்களுக்குத் தெரியாத பொருளில்லை. நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்குள்ள முருகைக்கல் வேலிகளை மறந்திருக்க மாட்டார்கள். கரையோரங்களில் அந்த முருகைக்கல்லைச் சூளையில் போட்டு எரித்துச் சுண்ணாம்பு எடுத்த காலமும் இருந்தது. அந்தக் கல் முழுவதும் கல்சியம் காபனேற்று. உயிரோடு இருக்கும்போது பவளம் செய்கிற முக்கியமான கட்டட வேலையும் அதுதான்: தண்ணீரிலிருந்து கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்து, கல்லாகக் கட்டி, அதன் மேல் தான் குந்தியிருப்பது. கடலில் இவை இரண்டும் குறைவதே இல்லை. 150 லீற்றர் தொட்டியில் குறையும். மூன்றாவதாக மக்னீசியம். அது இல்லாவிட்டால் கல்சியமும் காபனேற்றும் தண்ணீரிலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெள்ளைப் படிவாக விழுந்துவிடும், பவளத்துக்குக் கிடைக்காது.

ஆகவே அலுமாரியில் உள்ள அத்தனை போத்தலிலும் கணக்கில் எடுக்க வேண்டியவை இந்த மூன்றுதான். இயற்கைக் கடல்நீரில் கல்சியம் சுமார் 420 பிபிஎம், மக்னீசியம் சுமார் 1300 பிபிஎம், காரத்தன்மை சுமார் 7 டிகேஎச். டிகேஎச் என்பது ஜெர்மன்காரர் தந்த அளவு. கடைகளில் விற்கும் சோதனைப் பெட்டிகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். தொட்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் 7க்கும் 10க்கும் இடையில் வைத்துக்கொள்கிறார்கள். எந்த எண் என்பதை விட அது ஆடாமல் நிற்பதுதான் பவளத்துக்கு முக்கியம்.

மூன்றில் எதை முதலில் அளப்பது? காசு ஒரு சோதனைப் பெட்டிக்குத்தான் இருக்கிறது என்றால், காரத்தன்மை. காரணம் இதுதான். பவளம் எலும்பு கட்டும்போது 20 பிபிஎம் கல்சியம் எடுத்தால் கூடவே 2.8 டிகேஎச் காரத்தன்மையையும் எடுக்கும். அந்த விகிதம் மாறாது. இப்போது ஒரு நாளில் 1.4 டிகேஎச் போகிறது என்று வையுங்கள். காரத்தன்மை 7இலிருந்து 5.6க்கு இறங்கிவிடும், ஐந்தில் ஒரு பங்கு காலி. அதே நாளில் கல்சியம் 420இலிருந்து 410க்குத்தான் இறங்கும். ஒன்று கைச்செலவுக் காசு, மற்றது வங்கியில் கிடக்கிற காசு மாதிரி. கைக்காசுதான் முதலில் முடியும். கடையில் ஆட்கள் முதலில் கேட்டு வாங்குவது கல்சியப் போத்தல். தொட்டியில் முதலில் குறைவது காரத்தன்மை.

இன்னொரு கேள்வியை அதற்கும் முதல் கேட்க வேண்டும். உங்களுக்கு இந்தக் கூடுதல் சத்தே தேவையா? தொட்டியில் இருப்பது காளான் பவளம், தோல் பவளம், பொத்தான் மாதிரி விரியும் சோவாந்தஸ் போன்ற மெத்தென்ற வகைகள் என்றால் அவை கல் எலும்புக்கூடு கட்டுவதில்லை. வாரத்துக்கு 10 வீதம் தண்ணீர் மாற்றினால் போதும். நீங்கள் வாங்கும் உப்பு வாளிக்குள்ளேயே கல்சியம், மக்னீசியம், காபனேற்று, நுண்கனிமங்கள் எல்லாம் இருக்கின்றன. அந்த வாளிதான் உங்கள் முதலாவது சத்துப் போத்தல். வாரம் 15 லீற்றர் மாற்றச் சோம்பல்பட்டு, அதற்குப் பதிலாக 5 போத்தல் வாங்குபவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

உப்பைக் கரைக்கும் தண்ணீரும் கவனம். குழாய்த் தண்ணீரில் குளோரமீன் இருக்கலாம், பழைய வீடுகளில் செம்பு கசிந்திருக்கலாம். செம்பு மனிதனுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத அளவிலும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். நாங்கள் குடிக்கப் போத்தல் நிரப்புகிற தண்ணிக் கடையில் வடித்த தண்ணீர் வாங்கலாம். ஆனால் 20 டொலருக்குள் கிடைக்கிற டிடிஎஸ் அளவுமானி ஒன்றை நனைத்துப் பாருங்கள், பூச்சியத்துக்குக் கிட்ட வர வேண்டும். வரவில்லை என்றால் கடைக்காரர் வடிகட்டியை மாற்றி நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

கல் கட்டும் பவளங்கள், அதாவது கொம்புப் பவளம், சுத்தியல் பவளம், மூளைப் பவளம் போன்றவை வளரத் தொடங்கும்போதுதான் தண்ணீர் மாற்றுவது மட்டும் காணாது. எங்கள் தொட்டி அந்த நிலைக்கு வந்தபோது எனக்கு வழி காட்டியது என் அம்மா.

அம்மாவுக்கு 76 வயது. வெற்றிலை போடுபவர். ஒரு நாள் நான் கணினியில் 'கால்க்வாசர்' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய விலைக்கு ஒரு டப்பா. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் கல்சியம் ஐதரொட்சைட்டு. பக்கத்தில் வந்து நின்ற அம்மா படத்தில் இருந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, சுண்ணாம்போ?"

ஓம், சுண்ணாம்புதான். கால்க்வாசர் என்பது ஜெர்மன் சொல். அதன் பொருளே சுண்ணாம்புத் தண்ணீர் என்பதுதான். நீற்றிய சுண்ணாம்பு. முருகைக்கல்லை எரித்து, தண்ணீர் தெளித்தால் கிடைப்பது. பவளம் வளர்ப்பதற்குப் பவளத்திலிருந்தே எடுத்த பொருள் மாதிரியான ஒன்றைத்தான் அந்த டப்பாவில் விற்கிறார்கள். இதன் சிறப்பு, கல்சியத்தையும் காரத்தன்மையையும் பவளம் எடுக்கிற அதே விகிதத்தில் கொடுப்பது. ஒன்று கூடி மற்றது குறைகிற சிக்கல் இல்லை.

ஆனால் அம்மாவின் வெற்றிலைத் தட்டில் இருக்கிற சுண்ணாம்பை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அதில் நிறமோ வாசனையோ என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் இருக்காது. வட அமெரிக்கக் கடைகளில் ஊறுகாய் போடுபவர்களுக்கென்று உணவுத் தரத்தில் சுண்ணாம்புப் பொடி விற்கிறார்கள். அதுவே போதும், மீன் கடை டப்பாவின் விலையில் ஒரு பகுதிதான்.

செய்முறை எளிது. ஒரு கலன் வடித்த தண்ணீரில் 2 தேக்கரண்டி பொடி. கலக்கி, மூடி வைத்து, அடியில் மண்டி படிய விட்டுத் தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போகும் தண்ணீருக்குப் பதிலாக அதைத் துளித்துளியாக விட வேண்டும். இரவில் விடுவது நல்லது, ஏனென்றால் விளக்கு அணைந்த பிறகு தொட்டியின் பிஎச் தானாகவே இறங்கும், சுண்ணாம்பு அதைத் தூக்கிப் பிடிக்கும். எங்கள் தொட்டியில் குளிர்காலத்தில் சூடேற்றி ஓட ஓட நாளுக்கு 2 லீற்றர் ஆவியாகும். கல்லும் மண்ணும் போக உண்மையான தண்ணீர் 130 லீற்றர். முழுச் செறிவில் விட்டால் அந்த 2 லீற்றரே ஒரு நாளில் ஒன்றரை டிகேஎச்சுக்கு மேல் ஏற்றிவிடும். ஆகவே கால் பங்கு செறிவில் தொடங்கி, ஒவ்வொரு நாளும் அளந்து, மெல்ல மெல்லக் கூட்டினோம்.

இதில் ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரின் பிஎச் 12க்கு மேல். பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டி வையுங்கள். ஒரே தடவையில் முழுவதையும் கொட்டினால் தொட்டியில் ஒன்றும் மிஞ்சாது. ஊருக்கு 5 கிழமை போகும்போது தானாக விடும் இயந்திரத்தை நம்பி இதை விட்டுவிட்டுப் போவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. குழாய் ஒன்று சிக்கினால் காணும்.

சுண்ணாம்புக்கு ஒரு எல்லையும் உண்டு. ஆவியாகும் அளவுக்கு மேல் விட முடியாது. கோடையில் ஈரப்பதன் கூடும்போது எங்கள் தொட்டியில் ஆவியாவது பாதியாகிவிடும், பவளமோ வளர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு இரண்டாவது வழி, இரண்டு போத்தல் முறை. கடையில் விலை கூடிய சோடிப் போத்தலாக விற்பதன் உள்ளே இருப்பது ஒன்றில் சோடியம் காபனேற்று அல்லது இருகாபனேற்று, மற்றதில் கல்சியம் குளோரைட்டு. ரண்டி ஹோம்ஸ்-ஃபார்லி என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் இதை வீட்டிலேயே செய்யும் அளவுகளைப் பல ஆண்டுகளுக்கு முன்பே இலவசமாக எழுதி வைத்துவிட்டார். உலகம் முழுக்கப் பவளம் வளர்ப்பவர்கள் அதைத்தான் பாவிக்கிறார்கள்.

அவர் சொன்ன அளவு இது. 594 கிராம் அப்பச்சோடாவைத் தட்டில் மெல்லிதாகப் பரப்பி, அவனில் 300 பாகை பரனைற்றில் ஒரு மணித்தியாலம் சுட வேண்டும். காபனீரொட்சைட்டும் நீராவியும் பறந்து சோடியம் காபனேற்றாக மாறிவிடும். அதை ஒரு கலன் வடித்த தண்ணீரில் கரைக்க வேண்டும். இன்னொரு கலனில் 500 கிராம் கல்சியம் குளோரைட்டு. கரைக்கும்போது அது சூடாகும், கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம். இரண்டிலும் ஒரே அளவு எடுத்து, நேரம் விட்டு, தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் ஊற்ற வேண்டும். ஒன்றன் பின் ஒன்றாக உடனே ஊற்றினால் தொட்டிக்குள் பனி கொட்டும். இங்கே வெளியில் கொட்டுவது காணாதா?

அப்பச்சோடா என்று சொன்னதைப் பேக்கிங் பவுடர் என்று எடுத்துவிடாதீர்கள். அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். கல்சியம் குளோரைட்டை வாசற்படிப் பனி உருக்கும் பையிலிருந்து எடுப்பவர்களும் உண்டு. சில பைகள் சுத்தமானவைதான், ஆனால் பலவற்றில் வேறு உப்பும் நிறமும் துரு எதிர்ப்பு மருந்தும் இருக்கும். பாற்கட்டி செய்பவர்களுக்கும் வீட்டில் பியர் வடிப்பவர்களுக்கும் விற்கும் உணவுத் தரத்தையே நான் வாங்குகிறேன். கொஞ்சம் விலை கூடத்தான், ஆனால் அங்கே மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். எங்கள் 130 லீற்றருக்கு இந்தக் காபனேற்றுக் கரைசல் 25 மில்லிலீற்றர் விட்டால் 1 டிகேஎச் ஏறும். பவளங்கள் நாளுக்கு 1 டிகேஎச் எடுத்தாலும் ஒரு கலன் 5 மாதம் வரும். ஒரு பெட்டி அப்பச்சோடாவின் விலை உங்களுக்கே தெரியும்.

மக்னீசியத்துக்கு அதிகம் சொல்ல இல்லை. அது மெதுவாகத்தான் குறையும், தண்ணீர் மாற்றுவதிலேயே பெரும்பாலும் சரிவரும். மாதம் ஒருமுறை அளந்தால் போதும். கல்சியமும் காரத்தன்மையும் என்ன செய்தும் நிற்கவில்லை என்றால் அப்போது மக்னீசியத்தைச் சந்தேகியுங்கள்.

அப்போ மற்றப் போத்தல்கள்? அயடீனைக் கூட்டினால் நஞ்சு. உங்கள் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்காமல் ஊற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு உப்புப் போடுவது மாதிரி. ஸ்ட்ரோன்சியமும் நுண்கனிமங்களும் உப்பு வாளியிலும் மீன் சாப்பாட்டிலும் வருகின்றன. பவளத்தின் உடம்புக்குள் வாழும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் சாப்பாடு செய்து கொடுக்கின்றன, மீன் கழிவும் மிச்சச் சாப்பாடும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். தொட்டி முழுக்கக் கொம்புப் பவளம் நிரப்பி, ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர் அனுப்பிச் சோதிப்பவர்களுக்கு நுண்கனிமம் ஒரு விஷயமாக இருக்கலாம். எங்களுக்கு அது வெகு தூரம்.

பிஎச் ஏற்றும் போத்தலைப் பற்றி மட்டும் ஒரு கதை சொல்ல வேண்டும். மார்கழியில் எங்கள் தொட்டியின் பிஎச் 7.8க்கு இறங்கியது. உடனே அந்தப் போத்தலை ஊற்றினேன். ஒரு நாள் ஏறும், மறுநாள் இறங்கும், காரத்தன்மை மட்டும் ஏறிக்கொண்டே போகும். பவளம் செத்ததற்கு அதுவும் ஒரு காரணம். உண்மையான சிக்கல் வீட்டுக் காற்றில் இருந்தது. குளிருக்கு யன்னல் எல்லாம் பூட்டி, குசினியில் அடுப்பு எரிந்து, சனி ஞாயிறு என்றால் 20 பேர் வந்து இருந்து கதைக்கிற வீடு. அத்தனை பேரின் மூச்சுக்காற்றும் தண்ணீரில் கரைந்து பிஎச்சை இறக்குகிறது. யன்னலை இரண்டு அங்குலம் திறந்து வைத்தோம். அடுத்த நாள் 8.1. செலவு பூச்சியம், ஹீட்டிங் பில்லைத் தவிர.

கடைப் போத்தல் எல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. 20 கலன் தொட்டி வைத்து, இரண்டு வேலை செய்கிறவருக்கு அவனில் சோடா சுட நேரம் இருக்காது. அவர் ஒரு சோடிப் போத்தல் வாங்கினால் அது மாதக் கணக்கில் வரும், வாங்கட்டும். ஆனால் அளக்கும் பெட்டியை முதலில் வாங்கட்டும். உப்பு அளக்கும் ஒளிமுறிவுமானியையும் மறக்க வேண்டாம். அதை வெறும் தண்ணீரில் சரிபார்க்காமல், 35 என்று குறித்த சரிபார்ப்புக் கரைசலில் சரிபார்க்க வேண்டும். எங்களுடையது 3 புள்ளி பிழை காட்டிக்கொண்டிருந்தது தெரியாமல் ஒரு வருடம் ஓட்டியிருக்கிறோம்.

பவளத்தையும் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டாகவே வாங்குங்கள். மலிவு, தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, கடலிலிருந்து பிடுங்கியதும் இல்லை. ஊருக்குப் போய்விட்டு வரும்போது காரைநகர்க் கரையில் பொறுக்கிய பவளத் துண்டைச் சூட்கேசில் வைத்துக் கொண்டுவரும் ஆட்கள் இருக்கிறார்கள். கல் பவளங்கள் எல்லாம் சைற்றிஸ் உடன்படிக்கையில் உள்ளவை. செத்து வெளுத்த துண்டுக்கும் அது பொருந்தும், அனுமதிப் பத்திரம் இல்லாமல் விமான நிலையத்தில் பிடிபட்டால் பிரச்சினை. இலங்கையிலேயே பவளம் அகழ்வது சட்டப்படி தடை.

இப்போது எங்கள் அலுமாரியில் இரண்டு பால் கலன்கள், ஒரு சுண்ணாம்பு டப்பா, மூன்று சோதனைப் பெட்டிகள், உப்பு வாளி. மற்றவற்றில் உடைக்காத நான்கு போத்தலைப் பாதி விலைக்கு விற்றேன். மகள் ஒரு கொப்பி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் அவள்தான் அளந்து எழுதுவாள், நான் ஊற்றுவேன். அவள் எழுதாமல் நான் ஒரு துளியும் ஊற்றக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். வைகாசியில் 15 டொலருக்கு வாங்கிக் கொடுத்த கொம்புப் பவளத் துண்டு, வாங்கும்போது என் பெருவிரல் நகமளவு. போன சனிக்கிழமை அடிமட்டம் வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறாள்: காரத்தன்மை 8.2, கல்சியம் 425, உயரம் 4 சென்ரிமீற்றர். கீழே சிவப்பு மையில், 'அப்பா, உப்பு முடியுது.'